பானைக்குள் ஒரு பாலை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் "பட்ஜெரிகர் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் அடுத்த நொடி ஒரு கம்பிக்கூண்டு உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். உள்ளே நீலம், மஞ்சள், வெள்ளை, பச்சை என்று பத்திருபது பறவைகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். "ஜோடியா எடுத்துக்குங்க சார். மூக்குக்கு மேல நீலமா இருந்தா ஆண், பழுப்பா இருந்தா பொண்ணு. தினை போடுங்க, ஒரு கடல்நுரை சொருகி வைங்க. முக்கியமா பானை கட்டணும். பானை இல்லன்னா முட்டை வைக்காது."

இதில் பெயர் ஒன்றுதான் பிழை. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு வகைக் கிளிகள். மற்றபடி அவர் சொன்னதெல்லாம் சரி, பானை விஷயம் மிகமிகச் சரி.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டு வராண்டாவிலும் அப்படி ஒரு ஜோடி இருந்தது. ஆண் பச்சை, பெண் நீலம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்ன மண்பானை ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வெறும் பானையில் எப்படிப் படுக்கும் என்று இரக்கப்பட்டு அம்மா கொஞ்சம் தேங்காய் நாரைப் பிரித்து உள்ளே மெத்தை போட்டார். அந்த நீலக்காரி பானைக்குள் போனாள், ஒரு நாரை அலகில் கவ்விக்கொண்டு வந்தாள், வாசலில் நின்று கீழே போட்டாள். மறுபடி உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் கடைசி நார்வரை வெளியே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட. "நல்லது செஞ்சா பிடிக்காத ஜென்மம்" என்றார்.

அவள் தப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய முன்னோர்கள் இருக்கும் ஊரில் கூட்டுக்கு மெத்தை போடும் வழக்கமே கிடையாது.

அந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாடு. கடற்கரை நகரங்களை விட்டு உள்ளே போகப்போக மரம் குறைந்து, செம்மண்ணும் புல்லுமாக விரியும் நிலம். ஆண்டுக்கணக்கில் மழை இருக்காது. திடீரென்று ஒரு பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். காய்ந்த ஆற்றுப்படுகையில் வெள்ளம் ஓடும். சில வாரத்தில் புல் முளைத்துப் பூத்து விதை சிந்தும். அதன்பின் மறுபடி வெயில். நம் ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலம் இல்லை, மழை பொய்த்தால் மற்ற நிலம் பாலையாகிவிடும் என்பார்கள். ஆஸ்திரேலிய உள்நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே இடம் ஒரு வருடம் முல்லை, அடுத்த வருடம் பாலை.

இங்கே வாழும் காட்டு பட்ஜெரிகருக்கு வால் நுனிவரை அளந்தால் 18 செ.மீ. நீளம். எடை 30 கிராம் சொச்சம், நான்கு பத்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். நிறம் ஒன்றே ஒன்றுதான்: பச்சை உடல், மஞ்சள் முகம், முதுகில் கறுப்பு அலைக்கோடுகள். அந்த அலைகளைப் பார்த்துத்தான் 1805இல் ஜார்ஜ் ஷா இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'உண்டுலாட்டஸ்' என்றார். 1840இல் ஜான் கோல்டு முன்பாதியை 'மெலோப்சிட்டகஸ்', அதாவது இன்னிசைக் கிளி, என்று மாற்றினார். மனைவி எலிசபெத்துடன் ஆஸ்திரேலியா போய்ப் பறவைகளைத் தேடித் திரிந்துவிட்டு அதே வருடம் இங்கிலாந்து திரும்பிய கோல்டு, இந்தக் கிளிகளை உயிரோடு கொண்டுவந்தார். அங்கே தொடங்கிய மோகம்தான் கைமாறி, கடல்மாறி, பல்லாவரம்வரை வந்திருக்கிறது. பட்ஜெரிகர் என்ற சொல்லோ கமிலராய் என்ற பழங்குடி மொழியிலிருந்து வந்தது. மத்திய ஆஸ்திரேலியாவின் வால்பிரி மக்கள் இதை ங்கடிஜிரி என்கிறார்கள்.

பச்சைக்கிளியின் தம்பி என்றுதான் நாமெல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரபணுவைப் பார்த்தால், தேன் குடித்து வாழும் லோரி என்ற மழைக்காட்டுக் கிளிகளுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். பழமும் தேனும் தின்கிற குடும்பத்தில் பிறந்து, புல் விதையை நம்பிப் பாலைக்குக் குடிபோன பிள்ளை.

விதை என்றால் சாதாரண விதை இல்லை. ஸ்பினிஃபெக்ஸ், மிட்சல் புல் போன்ற புற்களின் பொடி விதைகள். கிட்டத்தட்ட முழுச் சாப்பாடும் இதுதான். நாம் போடும் தினை அதற்கு விருந்து. எங்கள் வீட்டுக் கிளி ஒரு தினையை அலகில் உருட்டி, உமியை மட்டும் வெளியே துப்பிவிட்டு அரிசியை விழுங்க ஒரு நொடிகூட ஆகாது. கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று நினைப்போம். ஊதினால் எல்லாம் உமியாகப் பறக்கும்.

இந்த உலர்ந்த விதைக்குள்தான் அதன் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து உடலில் எரிந்து முடியும்போது அரை கிராமுக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிறக்கிறது. நம் உடலிலும் இது நடக்கிறது, ஆனால் நாம் இழக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது பொருட்டே இல்லை. பட்ஜெரிகர், சுருக்கமாகப் பட்ஜி, இழப்பதையே குறைத்துவிட்டது. சிறுநீர் என்று தனியாக ஒன்று கிடையாது. கழிவை வெண்மையான பசையாக, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வெளியேற்றுகிறது. கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாள் நனையாமல் இருப்பதை வளர்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். 1962இல் கேட், டைபாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றுக்கு உலர்ந்த விதையை மட்டும் கொடுத்துத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். மிதமான வெப்பத்தில் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்த பறவைகள் இருந்தன. (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

ஆனால் மிதமான வெப்பம் என்பது முக்கியமான நிபந்தனை. வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கி, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்க முடியும். அப்போது சேமிப்பெல்லாம் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். 1932 ஜனவரியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் அடித்த அனலில் பட்ஜிகளும் சின்னஞ்சிறு ஃபிஞ்ச் குருவிகளும் குவியல் குவியலாகச் செத்து விழுந்தன. 2009 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் வெப்பம் அடுத்தடுத்த நாட்களில் 45 டிகிரியைத் தாண்டியபோதும் அதேதான், ஆயிரக்கணக்கில் மடிந்தன. பாலையில் பிறந்த பறவைக்கும் பாலைக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அவ்வளவு மெல்லியது.

அதனால்தான் அது ஓரிடத்தில் தங்குவதில்லை. மழை பெய்த திசையைத் தேடி நாடோடியாகத் திரிகிறது. நல்ல வருடங்களுக்குப் பிறகு நீர்க்குட்டைகளில் பல்லாயிரக்கணக்கில் கூடும். விடிந்தவுடன் பச்சைப் புகைபோலக் கூட்டம் எழும்பி, குட்டைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, ஒருபக்கம் திரும்பினால் பச்சையாகவும் மறுபக்கம் திரும்பினால் மஞ்சளாகவும் மினுங்கும். பக்கத்து மரத்தில் வல்லூறு காத்திருக்கும். இத்தனை ஆயிரத்தில் எதைக் குறிவைப்பது என்று அது திணறும் ஒரு கணம்தான் மற்றவற்றுக்குத் தண்ணீர் குடிக்கக் கிடைக்கும் அவகாசம்.

இத்தனை நெரிசலில் இவை ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லையே, எப்படி? குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மண்டயம் ஸ்ரீனிவாசன் குழுவினர் இதைப் பரிசோதித்தார்கள். ஸ்ரீனிவாசன் பெங்களூரில் படித்துவிட்டுப் போனவர். தேனீயின் கண் எப்படித் தூரத்தை அளக்கிறது என்று கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். ஒரு நீண்ட சுரங்கப்பாதை போன்ற கூடத்தின் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பட்ஜியை எதிரெதிரே பறக்கவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முறை. ஒரு மோதல்கூட இல்லை. அதிவேகக் கேமராவில் எடுத்த காட்சிகளைப் பார்த்தபோது விடை எளிமையாக இருந்தது: எதிரே ஆள் வந்தால் பெரும்பாலும் இரண்டுமே தத்தம் வலப்பக்கம் ஒதுங்குகின்றன. கூடவே ஒன்று மேலே, ஒன்று கீழே என்று உயரத்தையும் பிரித்துக்கொள்கின்றன. 2016இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அண்ணா சாலைதான் ஞாபகம் வந்தது. நாம் சட்டம் போட்டும் முடியாததை இந்தக் கிளிகள் சட்டமில்லாமல் செய்கின்றன.

இதே குழுவின் இன்னொரு சோதனையும் அழகானது. போகும் வழியில் ஒரு இடுக்கு வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினார்கள். விரித்த இறக்கையின் அகலத்தைவிட இடுக்கு சிறியதானதும் பறவை இறக்கையை மடக்கிக்கொண்டு அம்புபோல உள்ளே நுழைந்தது. சற்றே பெரியதாக இருந்தால் மடக்குவதில்லை. தன் உடம்பின் அகலம் அதற்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

பறவை பறப்பதற்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்று காற்றுச் சுரங்கத்தில் வைத்து முதன்முதலில் சரியாக அளந்ததும் இந்தக் கிளியிடம்தான். 1960களில் அமெரிக்காவில் வான்ஸ் டக்கர், பட்ஜியின் முகத்தில் சின்ன முகமூடி மாட்டி, குழாய் வழியாக மூச்சுக்காற்றை எடுத்து அளந்தார். மெதுவாகப் பறந்தாலும் செலவு அதிகம், வேகமாகப் பறந்தாலும் அதிகம். மணிக்கு 35 கி.மீ. வேகத்தில்தான் மிகச் சிக்கனம். மழையைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிற பறவைக்கு அந்தக் கணக்கு உடம்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சரி, பானைக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி கிடையாது. இதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை, ஒரு கண்டம் முழுக்க ஒரு மரங்கொத்திகூடவா இல்லை? இல்லை. எனவே மரத்தில் துளைபோட்டுப் பொந்து தயாரித்துக் கொடுக்க அங்கே தச்சர் இல்லை. காற்றில் ஒரு கிளை முறிகிறது. காயத்தில் பூஞ்சை ஏறுகிறது. கறையான் உள்ளே புகுந்து நடுத்தண்டைத் தின்கிறது. நூறு வருடம், அதற்கும் மேல் ஆனபின் யூகலிப்டஸ் மரத்தில் ஒரு பொந்து உருவாகும். காய்ந்த ஆற்றோரம் நிற்கும் கூலிபா மரங்களில் இப்படிப் பொந்துகள் நிறைய. ஒரே மரத்தில் பல ஜோடிகள் குடித்தனம் நடத்தும். உள்ளே இருப்பது இருட்டும், கறையான் விட்டுப்போன மரத்தூளும். அந்தத் தூள்மேல் நேராக முட்டை. வெள்ளை முட்டை, ஏனென்றால் இருட்டில் யாருக்கு மறைக்க நிறம் வேண்டும்?

நாரை வெளியே தள்ளிய நீலக்காரிக்கு வேண்டியிருந்ததும் இதே இருட்டுதான். அத்துடன் இன்னொன்றும் வேண்டும்: ஆணின் குரல். பார்பரா பிராக்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் இதைத் துலக்கமாகக் காட்டினார். இருட்டான கூட்டுப்பெட்டி இருந்து, ஆண் பட்ஜியின் கொஞ்சல் ஒலி காதில் விழுந்தாலே போதும். ஆண் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பெண்ணின் சூலகம் விழித்துக்கொண்டு முட்டைகள் வளரத் தொடங்கின. அதைவிட வியப்பு, குரலை இழந்த ஆண்களின் விந்தகம் சோர்ந்துபோனது. அதாவது அவன் அவளுக்காகப் பாடும் பாட்டு அவனையே தயார்ப்படுத்துகிறது. இருட்டும் பாட்டும், இரண்டும் சேர்ந்தால் முட்டை. நாட்காட்டி பார்த்துக் குடும்பம் நடத்த முடியாத நிலத்தில் வேறென்ன செய்யும்? மழை வந்து புல் விதைத்தால் ஆண்கள் கொழுத்துப் பாடுவார்கள், பாட்டுக் கேட்டால் பெண்கள் பொந்து தேடுவார்கள். சந்தைக்காரர் இதையெல்லாம் படித்ததில்லை. "பானை கட்டுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அதன்பின் அவசரம்தான். ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பாள். ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 18 நாள். ஆகவே குஞ்சுகளும் ஒருநாள் விட்டு ஒருநாளாகத்தான் பொரிக்கும். மூத்தது இறகு முளைக்கும் நேரத்தில் கடைக்குட்டி இளஞ்சிவப்பாய், கண் திறக்காமல், சுண்டுவிரல் நுனியளவில் கிடக்கும். எங்கள் பானையை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தபோது ஐந்து பேர் படிக்கட்டு மாதிரி வரிசையாக இருந்தார்கள். ஐந்தாவது பிழைக்காது என்று அப்பா சொன்னார்.

பிழைத்தது. ஜூடி ஸ்டாம்ப்ஸ் குழுவினர் 1980களில் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வில் அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அப்பா பட்ஜி எந்தக் குஞ்சு அதிகமாகக் கத்துகிறதோ அதற்கு ஊட்டுகிறது. அம்மா பட்ஜி சத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. கத்தினாலும் கத்தாவிட்டாலும் சின்னதைத் தேடிப்பிடித்து ஊட்டுகிறது. இதைப் படித்துவிட்டு நம் வீடுகளைப் பற்றி யோசிக்காமல் இருப்பது கஷ்டம். ஆனாலும் பறவையை மனிதனாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை, விட்டுவிடுகிறேன்.

ஐந்து வாரத்தில் குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்துவிடும். சில மாதங்களில் அவையே இனப்பெருக்கத்துக்குத் தயார். நல்ல மழை எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரியாதவர்களின் வேகம் அது.

நிறத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் சந்தைக்காரர் கோபித்துக்கொள்வார். காட்டில் பச்சை மட்டும்தான் என்றால் கூண்டில் நீலமும் மஞ்சளும் வெள்ளையும் எப்படி வந்தன? அந்தப் பச்சையே இரண்டு நிறங்களின் கூட்டு. மஞ்சள், உண்மையான சாயம்; கிளிகள் மட்டுமே தயாரிக்கும் ஒருவகை நிறமி. நீலம், சாயமே அல்ல. இறகுக்குள் கடற்பஞ்சுபோல இருக்கும் நுண்ணிய துளைகள் ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்குக் காட்டும் வித்தை. நீல இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் காணாமல் போய்விடும். மஞ்சளைத் தயாரிக்கும் நொதி பழுதானால் மிஞ்சுவது நீலக்கிளி. நீலத்துக்குப் பின்திரையாக இருக்கும் கருநிறமி போய்விட்டால் மஞ்சள் கிளி. இரண்டும் போனால் வெள்ளை. நீலப் பறவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெல்ஜியத்தில் ஒரு வளர்ப்புக் கூண்டில் தோன்றியது. காரணம் கண்டுபிடிக்க 2017 ஆனது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒரு நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பழுதில்லாத மரபணுவை எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் கிளி மஞ்சளைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த மஞ்சளில் நமக்குத் தெரியாத இன்னொரு ரகசியமும் உண்டு. கிளியின் கண் புறஊதா ஒளியைப் பார்க்கும். நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள மஞ்சள் இறகு புறஊதாவை வாங்கி மஞ்சளாகத் திருப்பி ஒளிரும். 2002இல் காத்ரின் ஆர்னால்டும் சகாக்களும் சில பறவைகளின் தலையில் சன்ஸ்கிரீன் பூசி அந்த ஒளிர்வை அணைத்தார்கள். பூசாத துணையைத்தான் எதிர்பால் பறவைகள் அதிகம் நாடின. இல்லை, ஒளிர்வு பெரிய விஷயமில்லை, புறஊதாவை எதிரொளிப்பதுதான் முக்கியம் என்பது பிரிஸ்டல் ஆய்வாளர்கள் கட்சி. எப்படியும், நாம் பார்த்து மயங்கும் கிளியும் அவை பார்த்து மயங்கும் கிளியும் ஒன்றல்ல.

பெண் அழகை மட்டும் பார்ப்பதில்லை என்றும் 2019இல் தெரிந்தது. சீன, டச்சு ஆய்வாளர்கள், பெண் ஒதுக்கிவைத்த ஆணுக்கு இரகசியமாகப் பயிற்சி கொடுத்து, புதிர்ப்பெட்டியைத் திறந்து இரை எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்தவன் பெட்டி முன்னால் விழிக்க, ஒதுக்கப்பட்டவன் திறந்து காட்டியதும் பெண்ணின் மனம் மாறியது.

ஆனால் ஜோடியைக் கட்டிவைப்பது குரல். ஒவ்வொரு பட்ஜிக்கும் தனக்கென்று ஒரு சின்ன அழைப்பொலி உண்டு, 'நான் இங்கே' என்பதுபோல. ஒன்றாக இருக்கும் பறவைகளின் அழைப்பொலிகள் மெல்ல மெல்ல ஒன்றுபோல ஆகிவிடும். ஜோடி சேரும்போது இது இன்னும் கூர்மை: சில வாரங்களுக்குள் ஆண், பெண்ணின் அழைப்பொலியை அப்படியே கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்வது ஆண்தான். இந்தத் திறமைதான் கூண்டில் தனியாக வளரும் பறவையை மனிதர்பக்கம் திருப்புகிறது. பக் என்ற கலிஃபோர்னியப் பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாகக் கின்னஸில் ஏறியது. தன் இனம் இல்லாத இடத்தில், இருக்கிற கூட்டத்தின் அழைப்பொலியை அது படித்துக்கொண்டது.

எங்கள் ஜோடி பேசவில்லை. இருவர் இருந்தால் நம்மை எதற்குத் தேடும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் கழுவும்போது ஆண் என் கையிடுக்கில் புகுந்து பறந்துவிட்டது. நீலக்காரி அப்போது பானைக்குள் முட்டைமேல் இருந்தாள். அன்று முழுக்க வாசலுக்கு வந்து ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். முருங்கை மரத்திலிருந்து அதே ஒலி வந்தது. எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டால் சொல்ல முடியாது. காக்கைகள் துரத்தியதும் மரத்து ஒலி தள்ளிப்போகும், இருட்டும் நேரத்தில் கொஞ்சம் நெருங்கி வரும். அம்மா கூண்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவைத்தார். "அவ முட்டைய விட்டுட்டுப் போக மாட்டா" என்றார்.

மூன்றாம் நாள் காலை அது கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தது, வாலில் ஒரு இறகு குறைந்து. கதவு வழியாக உள்ளே போனது. கிண்ணத்தில் தினை இருந்தது, குப்பியில் தண்ணீர் இருந்தது. இரண்டையும் தாண்டிப் பானையின் வாசலில் போய் நின்றது. உள்ளேயிருந்து நீலத் தலை எட்டிப் பார்த்தது. அம்மா சத்தம் வராமல் கொக்கியைப் போட்டார்.